விழாக்காலப் பொறிப்பாவைகள்: ஒரு மதிப்பீடு

உயிரற்ற பாவை ஒன்று தானே அசையக் கண்டால், கண்டோர் சிறிது பொழுதேனும் தம்மை மறப்பர். இம்மயக்கின் ஆற்றலை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். உள்ளத்தே நாணம் இல்லாதாரின் நடமாட்டத்துக்குக் கயிற்றால் ஆட்டப்படும் மரப்பாவையை வள்ளுவர் உவமையாக்கினார். சீவக சிந்தாமணியிற் சச்சந்தன் தன் தேவி ஏறிச் செல்லுதற்கு மயிற்பொறி ஒன்றைச் செய்வித்தான். உதயணன் கதையிலே, யானை வேட்கை மிகுந்த அம்மன்னனைச் சிறைப்பிடித்தற்பொருட்டு, வீரரை உள்ளடக்கிய பொய்யானை காட்டிலே நிறுத்தப்பட்டது. உவமையாகவும் கதையுறுப்பாகவும் பொறிப்பாவை நம் இலக்கியத்திலே இடம் பெற்றுள்ளது. அதனையே ஒரு கலைப்பொருளாகக் கொண்டு, எது நல்லது, எது குறையுடையது, ஏன் என்று ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட பொருளை முதலில் வரையறுத்துக் கொள்வோம். மேனாடுகளிலே நத்தார்க் காலத்திலும், ஒக்டோபர் 31 ஆம் நாள் இரவு கொண்டாடப்படும் ஹலோவீன் விழாவிலும், தம் வீட்டு முற்றத்தை அசையும் உருவங்களால் அணிசெய்யும் வழக்கம் உண்டு. இவ்வுருவங்களுள் விலைக்கு வாங்கியவை பல. ஓய்வு நேரங்களில் வீட்டுக்காரர் தம் கையாலேயே செய்தவையும் பல. மின்னாலும் காற்றழுத்தத்தாலும் இயங்கும் இத்தகைய உருவத்தை 'அனிமற்றோனிக்' என வழங்குவர். பொறிப்பாவை என்னும் சொல் அதற்குப் பொருந்தும். இதனைச் சிறுவர் விளையாட்டு என்று ஒதுக்குவோர் ஒரு சாரார். உயிருள்ளதனை எவ்வளவு ஒத்திருக்கிறதோ அவ்வளவு சிறந்தது என்று அளப்போர் மற்றொரு சாரார். ஒதுக்குவோர் ஒரு கலையைக் காணத் தவறுகின்றனர். ஒப்புமையால் அளப்போர் பிறிதொரு கலையின் அளவுகோலை இதற்கு எடுத்து வருகின்றனர்.

பொறிப்பாவைக்கு நாடகத்தில் இல்லாத ஓர் இயல்பு உண்டு. நாடகம் தொடங்கி, வளர்ந்து, முடிவது. பொறிப்பாவையோ மோட்டார் சுழலுந்தோறும் தன் செயலை மீண்டும் மீண்டும் செய்வது. அதற்கு முடிவு இல்லை, வட்டமே உண்டு. ஆதலின் பாவை செய்வோன் முதலிற் கேட்க வேண்டிய வினா, 'இது மெய்போல் இருக்குமா?' என்பதன்று. 'மீண்டும் மீண்டும் செய்வதற்கு உரிய செயல் யாது?' என்பதே. இவ்வினாவுக்கு நல்ல விடை கண்டவை சிறந்த பாவைகள். இவ்வினாவைக் கேளாமலே எழுந்தவை எவ்வளவு பொருட்செலவில் எழுந்தாலும் விரைவிற் சலிப்பூட்டுவன.

சுவையின் பிறப்பிடத்தை ஆராய்ந்த தொல்காப்பியனார், புதுமை, பெருமை, சிறுமை, ஒன்று பிறிதொன்றாகும் ஆக்கம் என்னும் நான்கினின்றும் வியப்பு, அதாவது மருட்கை, தோன்றும் என்றார். அச்சத்துக்கும் அவ்வாறே அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கு நிலைக்களன்கள் கூறினார். நத்தார்ப் பாவைகள் மருட்கையை நாடுவன. ஹலோவீன் பாவைகள் அச்சத்தை நாடுவன. இவற்றுட் புதுமையால் வரும் வியப்பு ஒருமுறை கண்டதும் குறையும். சிறுமையாலும் ஆக்கத்தாலும் வருவது காணக்காண வளரும். இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு சில பாவைகளை நோக்குவோம்.

ஜேர்மனியின் சக்சனி மாநிலத்தையும் செக் நாட்டையும் பிரிக்கும் எல்லையில் 'ஏர்ட்ஸ்கெபிர்கே' என்னும் மலைத்தொடர் உளது. அப்பெயர் உலோகத்தாது மலை எனப் பொருள்படும். பன்னிரண்டாம் நூற்றாண்டிலே வெள்ளி கண்டெடுக்கப்பட்டது முதல் அது சுரங்கத் தொழிலாளரின் நாடாயிற்று. அச்சுரங்க நிலப்பரப்பை 2019 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுச் சொத்தாக ஏற்றுக்கொண்டது. குளிர்காலத்திற் பொழுது விடியுமுன் நிலத்துக்குள் இறங்கிப் பொழுது சாய்ந்தபின் மேலேறும் அம்மக்களுக்கு, ஒளி எளிதிற் கிடைக்கும் பொருளன்று. அவர்கள் நத்தாரின்போது வீட்டில் ஏற்றும் விளக்கு, அடுக்கடுக்கான மரக்கோபுரம் ஒன்றாகும். கீழே மெழுகுதிரிகள் எரியும். அவற்றின் வெப்பக்காற்று மேலெழுந்து உச்சியிலுள்ள மரச்சிறகுகளைத் தள்ளும். சிறகுகளோடு நடுத்தண்டும், தண்டோடு ஒவ்வோர் அடுக்கிலும் நிற்கும் சிறு பாவைகளும் சுழலும். இடையரும், தேவதூதரும், தொழிலுடை அணிந்த சுரங்கத்தாரும் அங்கே வரிசையாகச் செல்வர். மோட்டார் இல்லை; பற்சக்கரமும் இல்லை. ஊர்வலம் சுற்றி வருவது; கோபுரமும் சுற்றுவது. பொருளும் பொறியும் இங்கே வேறுவேறாக நிற்கவில்லை.

அம்மலைநாட்டார் சுரங்கத்தையே பெட்டிக்குள் அமைத்த பாவைக்காட்சிகளும் செய்தனர். வேலை செய்ய இயலாத சுரங்கத்தொழிலாளர் அப்பெட்டியை முதுகிற் சுமந்து ஊரூராகச் சென்று, கைப்பிடியைச் சுழற்றிக் காட்டிச் சில காசு பெற்றனர். கைப்பிடி சுழல, விரலளவினரான பாவைகள் பாறையை உடைப்பர். தாதுவை மேலே இழுப்பர். தன் உடலாற் செய்ய முடியாமற் போன வேலையைத் தன் பாவை இடைவிடாது செய்யக் காட்டிப் பிழைத்தவனை எண்ணுங்கால், இதனை விளையாட்டுப் பொருள் என்று தள்ளிவிட மனம் வருவதில்லை.

இதே மரபின் பெரும்படைப்பு செக் நாட்டின் தென்பகுதியிலுள்ள யிந்த்ரிகூவ் ஹிராதெத்ஸ் நகர நூதனசாலையில் இருக்கின்றது. காலுறை பின்னும் தொழிலாளியான தோமாஷ் கிரீசா (1838–1918) அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஓய்வு நேரத்திற் செய்த பாலன் குடில் அது. அதில் 1398 உருவங்கள் உள. அவற்றுள் அசைவன 133 மட்டுமே. இதனைக் குறையென எண்ணுவோர் உளர். ஏறக்குறைய பத்தில் ஒன்று அசைய, எஞ்சியவை அசையாது நிற்பதனாலேயே அசைவன கண்ணுக்குப் புலனாகின்றன. எல்லாம் அசைந்தால் எதுவும் அசைந்ததாகத் தோன்றாது. பாட்டிலே நிறுத்தம் போலவும், கோலத்திலே வெற்றிடம் போலவும், அசையாமை இங்கே ஓர் உறுப்பாகின்றது.

அந்நாட்டின் வடபாலுள்ள திரெபெகோவித்சே ஊரில் யோசெப் ப்ரோபோஷ்ட் (1849–1926) தொடங்கிய குடிலும் இவ்வாறானதே. மரச்சிற்பி யோசெப் கபுட்சியான் உருவங்களைச் செதுக்க, யோசெப் பிரிமில் இயக்கத்தை அமைத்தார். 2000 க்கும் மேற்பட்ட மரக்கூறுகளாலான அப்படைப்பு 1967 இல் மொன்றியல் உலகக் கண்காட்சிவரை சென்று வந்தது. இத்தகைய குடில்களில் தெய்வக் குழந்தையைச் சூழ்ந்து அசைவோர் பெரும்பாலும் ஊர்மக்களும் தொழிலாளருமே. தொழில் என்பது இயல்பாகவே மீண்டும் மீண்டும் செய்யப்படுவது. சம்மட்டி எழுந்து விழும். வாள் முன்னும் பின்னும் செல்லும். மெய்யான தொழிலாளி செய்வதும் அதுவே. பாவை செய்வதும் அதுவே. எனவே பாவை பொய் சொல்லவில்லை. கிரீசாவும் சுரங்கத்தாரும் இக்கொள்கையை ஏட்டில் எழுதினாரல்லர். தாம் வாழ்நாள் முழுதும் செய்த அசைவு யாதென்று அவர்தம் கைகள் அறிந்திருந்தன.

இனி ஐக்கிய அமெரிக்காவை நோக்குவோம். அங்கு வீட்டு அலங்காரத்தில் மின்சாரம் புகுந்தபோதே அசைவும் உடன் புகுந்தது. 1882 ஆம் ஆண்டு நத்தாரின்போது, எடிசனின் கூட்டாளியான எட்வேட் ஜோன்சன் நியூ யோர்க்கிலுள்ள தம் வீட்டிலே சிவப்பு, வெள்ளை, நீலம் என 80 மின்குமிழ்களை ஒரு மரத்திற் பொருத்தினார். அம்மரம் மின்விசையால் மெல்லச் சுழன்றது. மின்விளக்கு ஏற்றிய முதல் நத்தார் மரமே சுழலும் மரமாயிருந்தமை குறிப்பிடத்தக்கது.

எனினும் இன்றைய வீட்டுக் கலைஞர் பலரின் கனவை வடித்தவர் வோல்ற் டிஸ்னி எனலாம். 1963 இல் கலிபோர்ணியாவிலுள்ள டிஸ்னிலாந்திற் பாடும் பொறிப்பறவைகளின் கூடத்தை அவர் திறந்தார். 1964 இல் நியூ யோர்க் உலகக் கண்காட்சியில், நாற்காலியினின்றும் எழுந்து நின்று பேசும் ஆபிரகாம் லிங்கனின் உருவத்தை நிறுத்தினார். பொறிநுட்பத்தால் லிங்கனே பெரிய சாதனை. ஆயின் நம் அளவுகோலால் அளந்தால் பறவைகளே சிறந்தவை. பறவை பாடியதையே பாடும். அது அதன் இயல்பு. மனிதன் ஒருவன் எழுந்து நின்று தன் உள்ளத்தை உரைப்பதோ அந்தக் கணத்துக்கே உரியது. அதே எழுச்சியையும் அதே தலையசைப்பையும் அடுத்த காட்சியிலும் காண்பவர், தலைவரைக் காண்பதை விட்டுப் பொறியையே காணத் தொடங்குவர். எவ்வளவு நுட்பமான பாவையாயினும் திரும்பச் செய்யலாகாத செயலைத் திரும்பச் செய்யுமாயின், தன் பொய்மையைத் தானே அறிவிக்கும்.

வீட்டுக் கலைஞரிடம் டிஸ்னியின் பொருள்வளம் இல்லை. அவர் நாடுவது பெரும்பாலும் பழைய மோட்டார் வண்டியின் முகப்புக் கண்ணாடியைத் துடைக்கும் 'வைப்பர்' மோட்டாரையே. 12 வோல்ற்றில் இயங்கும் அது, திருகுப் பற்சக்கரத்தால் வேகம் குறைந்து விசை மிகுவது. குறைந்த வோல்ற்றளவிற் கொடுத்தால் இன்னும் மெதுவாகச் சுழல்வது. எலும்புக்கும் மூட்டுக்கும் பிளாஸ்ரிக் நீர்க்குழாய், தசைக்குக் காற்றுருளை, கழுத்தைத் திருப்பச் சிறு சேர்வோ மோட்டார், இவற்றுக்கெல்லாம் கட்டளையிட 2005 இல் இத்தாலியில் தோன்றிய ஆர்டுயினோ போன்ற சிறு மின்பலகை என இவ்வாறு தொகுப்பர். பொறியியற் பட்டம் பெறாத பலர், பாவை அசைய வேண்டும் என்னும் ஒரே ஆசையால் நெம்புகோலின் விதியையும் மின்சுற்றையும் காற்றழுத்தத்தையும் தாமே கற்றுக்கொள்கின்றனர். ஆசிரியர் இதனை மனங்கொள்வது நன்று.

அன்னோர் படைப்புகளுள் எளிமையாற் சிறந்தது, வளைகோற் பேய் என நாம் பெயரிடத்தக்க ஒன்று. மெல்லிய வெண்டுணி போர்த்த தலையும் இரு கைகளும் மட்டுமே அதன் உடல். மேலே மெதுவாகச் சுழலும் மோட்டாரொன்றில் ஒரு வளைகோல் பூட்டப்பட்டிருக்கும். அக்கோலின் நுனியினின்றும் மூன்று நூல்கள் வெவ்வேறு திசையிற் சென்று, வளையங்களினூடே இறங்கித் தலையையும் கைகளையும் தாங்கும். கோல் சுற்றுகையில் மூன்று நூல்களும் ஒரே நேரத்தில் இழுபடுவதில்லை. ஒரு கை எழும். பின் தலை எழும். அது தாழத் தொடங்குமுன் மறுகை எழும். ஊதாக்கடந்த ஒளியில் வெண்டுணி மட்டும் மின்ன, இருட்சாளரத்தின் உள்ளே எதையோ தேடியலையும் உருவம் ஒன்று தோன்றும். ஒரு மோட்டார், ஒரு கோல், மூன்று நூல்: இவ்வளவே அதன் செலவு. பேய்க்கதைகள் எல்லாவற்றிலும் பேயின் துயரம் யாது? செய்ததையே செய்து, வந்த இடத்துக்கே வந்து, ஓய்வின்றி அலைதலே அன்றோ? ஆதலின் பொறியின் வட்டம் இங்கே பேயின் விதியாகிவிடுகின்றது. காண்போர் உள்ளத்தில் அச்சம் எழுந்து, அதன் பின்னே இரக்கமும் எழுகின்றது. இரக்கம் தரும் பாவை, அச்சம் மட்டும் தரும் பாவையினும் நெடுங்காலம் நிற்கும்.

இதற்கு மாறானது திடீரெனப் பாயும் பாவை. குப்பைத்தொட்டியின் மூடியைத் தள்ளிக்கொண்டு எலும்புக்கூடு எழும், காற்றுருளை சீறும், சிறுவர் அலறுவர். இதனைத் தாழ்த்திக் கூறின், சிறுவரின் மகிழ்ச்சியைக் கட்டுரையாளர் அறியார் என்று சிலர் மறுக்கக்கூடும். அலறிய சிறுவர் நகைத்துக்கொண்டே மீண்டும் வந்து நிற்பது உண்மை. ஆயின் இரண்டாம் முறை அவர் வருவது அஞ்சுதற்கன்று. புதிதாய் வரும் தோழன் அஞ்சுவதைக் காண்பதற்கே. அப்பொழுது பாவையின் பணி முடிந்து, சிறுவரே நாடகத்தை நடத்துகின்றனர். மேலும், தேர்ந்த கலைஞர் இக்குறையை அறிந்து, யாரேனும் அணுகும்போது மட்டும் பாவையை எழுப்பும் உணர்கருவியைப் பொருத்துகின்றனர். அதனாற் பாய்ச்சலிலும் பார்க்கப் பாய்ச்சலுக்கு முன்னுள்ள அசையாமை சிறப்புப் பெறுகின்றது. வாயிலில் நாற்காலியிற் சாய்ந்திருக்கும் வைக்கோற் பாவை எழுமோ, எழாதோ என்று எண்ணி வருவோர் தயங்கும் அந்தச் சில கணங்களே அப்படைப்பின் உயிர். கிரீசாவின் அசையாத உருவங்கள் கற்பிக்கும் பாடமும் இதுவே.

2020 ஆம் ஆண்டில் ஹோம் டிப்போ என்னும் வணிக நிறுவனம் 12 அடி உயரமான எலும்புக்கூட்டினை 299 டொலருக்கு விற்பனைக்கு விட்டது. அது அமெரிக்க முற்றங்களிற் பெரும் புகழ் பெற்றது. அதில் அசைவது கண் மட்டுமே. அதுவும் ஒளித்திரையில் தோன்றும் கண். தொல்காப்பியனார் கூறிய நான்கனுட் பெருமை ஒன்றையே அது நம்பி நிற்கின்றது. ஒரு தெருவில் ஒன்று நின்றால் வியப்பு. பத்து நின்றால் அது வேலிக்கால். வாங்குதல் குற்றமென்று கூறுவதற்கில்லை. ஆயின் விழாவில் வீட்டுக்காரர் வழிப்போக்கருக்கு அளிப்பது யாது என்று எண்ண வேண்டும். கையாற் செய்த பாவையில் அவர்தம் மாலைப்பொழுதுகள் பல அடங்கியுள்ளன. அறியாத ஒருவர் இரண்டு நிமிடம் நின்று பார்த்துப் போதற்காக அவற்றைச் செலவிட்டார் என்பதே அக்கொடையின் பெறுமதி. வாங்கிய எலும்புக்கூட்டுக்கு ஆடை தைத்தும், கையிற் பொருள் கொடுத்தும், அருகே வேறு பாவைகளை அமைத்தும் பலர் அதனைத் தமதாக்க முயல்வதை நோக்கின், விலைக்கு வாங்கியோரும் இவ்வுண்மையை ஒருவாறு உணர்ந்துள்ளனர் என்பது புலனாகும்.

நம் விழாக்களுக்கு இவ்வளவுகோல் பொருந்துமா என்னும் வினா இங்கு எழும். கந்தசட்டியின் இறுதியில் நிகழும் சூரன்போரில், பேருருவான மரச்சூரனை அடியார் தோளிற் சுமந்து ஆட்டுவர்; தலையை மாற்றி யானைமுகனும் சிங்கமுகனும் ஆக்குவர். ஒன்று பிறிதொன்றாகும் ஆக்கத்தால் வியப்பு விளைதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை. சூரனுக்கு மோட்டார் பூட்டலாமே என ஒருவர் கருதின், அது தகாது என்பதே நம் விடை. சூரன்போர் வட்டமன்று, அது முடிவுள்ள கதை. ஆணவம் எழுந்து, உருமாறி, அடங்கி, மயிலும் சேவலுமாகி அருள்பெறும் அக்கதைக்குச் சுமப்போரின் மூச்சும் களைப்பும் வேண்டும்.

யானையின் நிலை வேறு. 2023 பெப்ரவரியில் கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்திலுள்ள இரிஞ்சாடப்பிள்ளி ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலில், உயிர்யானைக்குப் பதிலாகப் பொறியானை ஒன்று நடையிருத்தப்பட்டது. விலங்கு நல இயக்கமான பீற்றா அளித்த அது, இரும்புச் சட்டத்தின்மேல் இறப்பர் போர்த்துப் பத்தரை அடி உயரத்தில் அமைந்தது. செவியும் வாலும் தலையும் மின்னால் அசைவன. மரபு கெட்டதென வருந்தினோரும் உளர். அவர்தம் வருத்தம் பொருளற்றதன்று. உயிருள்ள யானையின் முன் நிற்கையில் நாம் உணரும் பணிவு இறப்பரின் முன் எழாது. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சங்கிலியாற் கட்டுண்ட யானை நின்ற இடத்திலேயே இடைவிடாது உடலை ஆட்டுவது அதன் உளநலிவின் அடையாளம் என்பர் விலங்கியலார். அழகெனக் கருதி நாம் பார்த்து நின்ற அந்த ஆட்டம், உயிரின்மேல் நாம் ஏற்றிய பொறியியக்கமே. உதயணன் கதையிற் பொய்யானை மெய்யான ஒருவனைச் சிறைப்படுத்திற்று. இங்கோ பொய்யானை மெய்யானை ஒன்றனைச் சிறையினின்றும் காக்கின்றது. திரும்பத்திரும்பச் செய்யும் செயலைப் பொறிக்கு விட்டு, உயிரைக் காட்டுக்கு விடுதல் அறமாகும்.

நம் மாணவர் இக்கலையிற் புகின் எதனைச் செய்யலாம் என்று கேட்பாருக்கு ஒன்று கூறி அமைவோம். பேயும் எலும்புக்கூடும் பிறர் விழாவுக்கு உரியவை; அவற்றை அவரே நன்கு செய்வர். யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் ஒருகாலத்தே துலா மிதித்தனர். ஒருவர் கிணற்றடியில் நின்று பட்டையை இறக்கி நீர் முகக்க, துலாவின்மேல் ஏறி நின்றோர் முன்னும் பின்னும் நடந்து அதனைத் தாழ்த்தியும் உயர்த்தியும் நீர் இறைத்தனர். நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் அக்காட்சி மறைந்தது. இன்று பள்ளியிற் படிக்கும் பிள்ளைகளுட் பெரும்பாலோர் அதனைக் கண்டிரார். தைப்பொங்கலன்று வீட்டு வாயிலில், மரத்துண்டும் நூலும் பழைய வைப்பர் மோட்டார் ஒன்றும் கொண்டு அதனை அமைக்கலாம். ஒரே வளைகோல் துலாவைத் தாழ்த்தும், உயர்த்தும், அதன்மேல் இரு பாவைகள் நடக்கும், பட்டை எழும், நீர் வாய்க்காலிற் சரியும். பாட்டனார் ஒருவர் அவ்வழியே வந்து நின்று, "மிதிக்கிறவன் இன்னும் கொஞ்சம் முன்னுக்குப் போக வேணும், தம்பி" என்று திருத்துவாராயின், அத்திருத்தத்தைச் செய்துவிட்டு மோட்டாரை மறுபடியும் ஓடவிடுக.